அசம்ப்டா டூமியின் மூன்று வேண்டாம்

அசம்ப்டா டூமி கையை நீட்டினால் பதினெட்டுச் சக்கர லாரியும் நின்றுவிடும். கார்க் நகரத்தின் வடக்கு மேட்டில், பள்ளிக்கூட வாசலில் செங்குத்தாக இறங்கும் சாலையில், இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் உத்தியோகம். முழங்காலைத் தொடும் மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் வட்டத் தகடு வைத்த நீளக் கம்பு. பீர் லாரியோ, குப்பை லாரியோ, கோர்ட்டுக்கு நேரமாகிவிட்ட வக்கீலோ, பிள்ளைகள் கடந்து முடிந்து அவள் கம்பு இறங்கும்வரை யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. ஒருமுறை சவ வண்டியையே நிறுத்திவைத்து, "அவருக்கு இனிமே என்ன அவசரம்?" என்று கேட்டவள் அவள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வராது. "வேணும்" என்று சொல்ல வராது.

அவளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. எங்கள் மேட்டில் யாருக்குமே அது வராது. டீ குடிக்கிறாயா என்று கேட்டால் முதலில், "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். மறுபடி கேட்டால், "உனக்கு எதுக்குச் சிரமம்?" மூன்றாவது தடவை கேட்டால்தான், "சரி, எப்படியும் நீ உனக்குப் போடறதா இருந்தா ஒரு வாய் கொடு" என்று உட்காருவார்கள். அதன் பிறகு நாலு கோப்பை உள்ளே போகும், அது வேறு கதை. முதல் தடவையிலேயே சரி என்று தலையாட்டுகிறவன் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

புகழ்ச்சியும் அப்படியே. கோட்டு நன்றாக இருக்கிறதே என்று அசம்ப்டாவிடம் சொல்லிப் பாருங்கள். "இதா? தள்ளுபடியில பன்னெண்டு யூரோ. உள்ளே லைனிங் கிழிஞ்சிருக்கு பாரு" என்று கோட்டைத் திருப்பியே காட்டிவிடுவாள். எங்களூரில் கொலைகாரனுக்குக் கூட, "பாவம், அவங்கம்மா தங்கமானவ" என்று பரிந்து பேச ஒரு ஆள் கிடைக்கும். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டான் என்று பெயர் வாங்கினவனுக்கு மட்டும் ஏழு தலைமுறைக்கு மன்னிப்புக் கிடையாது.

அசம்ப்டா எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. பதினாறு வயதில் காலுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். அதை மூடியபோது கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் கிறிஸ்டி மதுபான ஆலையில் பீப்பாய் கழுவி ஓய்வு பெற்றவன், வாய் கொஞ்சம் நீளம். மகன் டொரன்டோவில், மகள் டப்ளினில். எங்களூர்க்காரர்களுக்குத் தலைநகர் டப்ளினைக் கண்டாலே ஆகாது; டொரன்டோ போனதையாவது மன்னிக்கலாம் என்பான் கிறிஸ்டி.

இதையெல்லாம் தாண்டி அவளுக்கு ஒரு குரல் இருந்தது. பங்குக் கோவில் பாடகர் குழுவில் இருபத்தொன்பது வருடம், இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவது. முப்பது பேர் குரலுக்குள் தன் குரலை ஒளித்துவைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓர் ஆசையும் ஒளிந்திருந்தது. எங்கள் கோவிலில் கிறிஸ்மஸ் பாட்டு விழா இப்படித்தான் தொடங்கும்: விளக்குகள் எல்லாம் அணைந்துவிடும். ஆர்கன் கிடையாது. கும்மிருட்டில் வாசல் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் முதல் சரணத்தைப் பாடும். அது முடிந்த பிறகுதான் மெழுகுவர்த்திகள், ஆர்கன், மற்றவர்கள் எல்லாம். அந்த முதல் சரணம் அசம்ப்டாவுக்கு வேண்டும். ஒரே ஒரு தடவை, வேறு யாருடைய குரலும் கலக்காமல். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பங்குத்தந்தையிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கூட. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கொள்வாள். தண்ணீர்க் கட்டணம் இல்லாத ஊர் என்பதால் பிழைத்தாள்.

அந்தச் சரணம் இருபது வருடமாக எயித்னி கிரெமினுடையது. எயித்னியோ சாகிற வழியாக இல்லை. ஆனால் இந்த அக்டோபரில் பேரப்பிள்ளைகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். அடுத்தது அசம்ப்டாதான் என்று மேடு முழுக்க எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அசம்ப்டா இரண்டு வாரம் தயாரானாள். பாட்டுக்கு அல்ல, அது எப்போதோ தயார். மறுப்புக்கு. முதல் மறுப்பு பெரிதாக இருக்க வேண்டும்: "ஐயோ, நானா? கடவுளே!" இரண்டாவது கொஞ்சம் இளகியது: "என்னைவிட நல்லாப் பாடறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க." மூன்றாவது, பெருமூச்சோடு: "சரி, வேற யாருமே கிடைக்கலைன்னா..." கண்ணாடி முன்னால் நின்று மூன்றையும் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவதற்குக் கைக்குட்டையை மடிப்பதாகவும் ஏற்பாடு.

குழுவை நடத்துகிறவள் மரைக்கே, ஹாலந்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷனுக்குத் துறைமுகத்துப் பக்கம் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. பழைய ஆர்கன்காரர் கைநடுக்கம் வந்து விலகியபோது, எனக்கு வாசிக்கத் தெரியும் என்று தானாகவே வந்து சொன்னாள். அப்படி ஒருத்தி தன் வாயாலேயே சொன்னதை மேடு ஒரு மாதம் பேசித் தீர்த்தது. வந்து இரண்டு வருடமாகிவிட்டது. வேலையில் சுத்தம், யாரோடும் ஒட்டமாட்டாள் என்று பேர்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், பங்கு மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் மரைக்கே கேட்டாள்.

"அசம்ப்டா, முதல் சரணத்தை நீங்க பாடறீங்களா?"

அசம்ப்டா நெஞ்சில் கையை வைத்தாள். இரண்டடி பின்வாங்கினாள். "ஐயோ, நானா? கடவுளே, வேண்டவே வேண்டாம்!" என்றாள். பிரமாதமான மறுப்பு. முன் வரிசையில் நோரீன் லிஹேன் மெச்சித் தலையாட்டியதை நானே பார்த்தேன்.

"சரி," என்றாள் மரைக்கே. "மறைக்காம சொன்னதுக்கு நன்றி. டிம்ப்னா, நீங்க?"

டிம்ப்னா கோக்லி அசம்ப்டாவுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள், மருந்துக் கடையில் நிற்பவள், நாற்பது வருடத் தோழி. அவளும் வாயைத் திறந்தாள், "ஐயோ" என்று வரவேண்டிய இடம். ஆனால் சற்றுமுன் அசம்ப்டாவுக்கு நேர்ந்த கதியை அவள் பார்த்திருந்தாள். ஹாலந்துக்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"பாடறேன்," என்றாள்.

யாருடைய பாட்டுப் புத்தகமோ கீழே விழுந்தது.

வீட்டில் அசம்ப்டா தொப்பியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஒரே தடவைதான் கேட்டா, கிறிஸ்டி! ஒரே தடவை!"

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னேன்."

"அவ என்ன பண்ணா?"

"வேண்டாம்னு எடுத்துக்கிட்டா!"

"அடிப்பாவி," என்றான் கிறிஸ்டி. "சொன்னதை அப்படியே நம்பிட்டாளா? எந்த ஊர்ல வளர்ந்தாளோ!"

"சிரிக்காதே. டிம்ப்னா முகத்துல வெக்கமே இல்ல. பாடறேன்ங்கறா, ஏதோ பஸ் டிக்கெட் கேக்கற மாதிரி."

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், பொண்ணே. நீ வேண்டாம் வேண்டாம்னு அழுத." எங்களூரில் எண்பது வயதானாலும் பொண்ணுதான்.

மறுநாளிலிருந்து மேடே களத்தில் இறங்கியது. யாரும் மரைக்கேயிடம் நேராகப் போய்ச் சொல்லவில்லை, அது மரியாதையில்லை. ஜாடையாகச் சொன்னார்கள். நோரீன் போய், "இந்த வருஷம் அசம்ப்டா குரல் எவ்வளவு தெளிவா இருக்கு, கவனிச்சியா?" என்றாள். "ஆமா, ரொம்பத் தெளிவு," என்றாள் மரைக்கே, சந்தோஷமாக. பங்குத்தந்தை கூட ஒருநாள், "தாழ்மையுள்ளவங்க எப்பவும் பின்னால நிப்பாங்க" என்று அவள் காதுபட வேதம் சொன்னார். மரைக்கே பின் வரிசைக்காரர்களை எல்லாம் ஓரடி முன்னால் வரச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து டிம்ப்னா கையில் ஆப்பிள் டார்ட்டோடு அசம்ப்டா வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆப்பிள் டார்ட் என்றால் எங்களூரில் சமாதானக் கொடி. சமையலறையில் உட்கார்ந்து, வானிலை, நோரீனின் இடுப்பு வலி, மருந்துக் கடைக்குப் புதிதாக வந்த பையனின் தாடி எல்லாம் பேசி முடித்துவிட்டு, டிம்ப்னா மேசை விரிப்பைத் தடவினாள்.

"அந்தப் பாட்டு, அசம்ப்டா. நியாயமா அது உன்னோடது. நீ எடுத்துக்கோ. நான் அவகிட்ட சொல்லிடறேன்."

அசம்ப்டாவின் நெஞ்சு குதித்தது. ஆனால் அறுபத்தோரு வருடப் பழக்கம் நெஞ்சைவிட வேகமானது. "சேச்சே! உனக்குக் குடுத்தது. நான் காதுலயே வாங்கமாட்டேன்."

"நெஜமாத்தான் சொல்றேன், புள்ள. எடுத்துக்கோ."

"உன் குரலுக்குத்தான் அது பொருத்தம், டிம்ப்னா."

இரண்டு முடிந்தது. அசம்ப்டா மூன்றாவது பதிலை நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. டிம்ப்னா டார்ட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தன் மோதிரத்தைத் திருகினாள். பிறகு எழுந்து ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டாள்.

"அப்ப சரி, நீ அவ்வளவு தூரம் சொல்றதால," என்றாள், கதவைப் பார்த்தபடி.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. இரண்டோடு நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எங்களூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். டிம்ப்னாவுக்கும் அந்தச் சரணம் வேண்டும். அவளும் ஏதோ ஒரு குழாயைத் திறந்துவிட்டு வருடக்கணக்காகப் பாடியிருக்கிறாள். அசம்ப்டாவுக்குக் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. நாற்பது வருடத் தோழியை இன்றுதான் முழுதாகப் பார்த்தது போல இருந்தது. பாதி டார்ட்டைத் தனியாகவே தின்று தீர்த்தாள்.

"நேராப் போய்க் கேளு," என்றான் கிறிஸ்டி.

"எப்படி?"

"வாயால."

விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, பொடித் தூறல். மரைக்கே வழக்கம்போல மகள் லோட்டேயைச் சைக்கிளின் முன்கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அசம்ப்டா கம்பை உயர்த்தினாள். மேலே ஒரு பஸ், கீழே ஒரு சிமென்ட் லாரி, பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றன. லோட்டே இறங்கிப் பள்ளிக்குள் ஓடினாள். மரைக்கே திரும்பி வந்து பாதிச் சாலையில் இருக்கும்போது அசம்ப்டா அவள் கையைப் பிடித்தாள். அவளுக்குத் துணிச்சல் இருந்ததெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான், நடுச்சாலையில்.

"எனக்கு அந்தப் பாட்டு வேணும்," என்றாள். "அன்னிக்கு வேண்டாம்னேன். ஆனா வேணும். முப்பது வருஷமா வேணும்."

மரைக்கே கண்ணைக் கொட்டினாள். "அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

"நீ மறுபடி கேப்பேன்னுதான், கண்ணு."

"எத்தனை தடவை?"

"மூணு."

பஸ் டிரைவர் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான். "அசம்ப்டா! நடு ரோட்டுல பாவசங்கீர்த்தனமா?"

"ஆமா! உன் பாவத்தையும் சேத்துச் சொல்லட்டுமா?" என்று அசம்ப்டா கத்தினாள். ஜன்னல் மூடிக்கொண்டது.

மரைக்கே யோசித்தாள். "டிம்ப்னா மூணு வாரமா ஒத்திகை பாக்கறாங்க. அவங்ககிட்டேயிருந்து எடுக்க முடியாது. முடியாது, அசம்ப்டா."

முடியாது என்றால் முடியாதுதான் என்று அசம்ப்டாவுக்குப் புரிந்தது. சுற்றி வளைக்காத, பின்னால் எதையும் ஒளித்துவைக்காத ஒரு முடியாது. அது வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அடுத்த வாரம் வரை கிடந்து குடைய அதில் ஒன்றும் இல்லை. அவள் கையை விட்டாள்.

மரைக்கே நகரவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் போல நின்றாள்.

"போன வருஷம் நோரீனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னாங்க."

"சொல்லியிருப்பா."

"டிம்ப்னாவையும் கூப்பிட்டேன். லோட்டே பிறந்த நாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டேன். உங்களையும் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? வேண்டாம்னீங்க."

"நீ திரும்பக் கூப்பிடுவேன்னு ஒரு வாரம் காத்திருந்தேன்," என்றாள் அசம்ப்டா. "கூப்பிடலை. அப்ப சும்மா ஒப்புக்குத்தான் கேட்டிருக்கேன்னு நெனச்சேன்."

"ரெண்டு வருஷமா என் வீட்டுல யாரும் ஒரு கோப்பை டீ குடிச்சதில்ல. உங்க யாருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அடுத்த கோடையில ஊருக்குத் திரும்பிடலாம்னு என் வீட்டுக்காரர் ஹென்க்கிட்ட சொல்லியிருக்கேன்."

தூறலில் அவள் கண்ணாடி நனைந்திருந்தது. அதைத் துடைக்காமல் நின்றாள். அசம்ப்டாவுக்கு முகம் சூடேறிப்போனது. யாரோடும் ஒட்டமாட்டாள் என்று இந்த மேட்டிலுள்ள ஒவ்வொரு சமையலறையிலும் சொல்லியிருக்கிறார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள், வாய் நிறைய டீயை வைத்துக்கொண்டு. தான் ஒரு பாட்டை இழந்துவிட்டு இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தோமே, இந்தப் பெண் இரண்டு வருடத்தை இழந்துவிட்டுச் சத்தமில்லாமல் சைக்கிள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. சிமென்ட் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் இன்ஜினையே அணைத்துவிட்டான்.

"நாளைக்கு மூணு மணிக்கு நானும் கிறிஸ்டியும் உன் வீட்டுக்கு வரோம்," என்றாள் அசம்ப்டா. "டீ வேணும். கேக் இருந்தா அதுவும் வேணும்."

இப்படித் தன்னைத் தானே விருந்துக்கு அழைத்துக்கொண்ட ஒருத்தி வடக்கு மேட்டில் அதற்கு முன்பு இருந்ததில்லை. கம்பை இறக்கி வண்டிகளை விட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனார்கள். மரைக்கே பாடம் படித்து வைத்திருந்தாள். "கேக் எடுத்துக்கறீங்களா?" என்றாள். அசம்ப்டா பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுத்துக்கறேன்" என்றாள். மரைக்கே ஒரு துண்டு வைத்துவிட்டு, "கேக் எடுத்துக்கறீங்களா?" என்று மறுபடி கேட்டாள். பிறகு மூன்றாவது தடவையும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு துண்டு. கிறிஸ்டி மூன்றையும் தின்றுவிட்டு, "இந்த முறை நம்ம முறையைவிட நல்லாருக்கு" என்றான். ஹென்க்கும் இருந்தான், நெட்டையன், அவனும் சிரித்தான். லோட்டே மேசைக்கடியில் உட்கார்ந்து கிறிஸ்டியின் ஷூ நாடாக்களை ஒன்றோடொன்று முடிந்துகொண்டிருந்தாள்.

பேச்சு ஓய்ந்தபோது மரைக்கே கோப்பையை வைத்தாள்.

"எனக்கு அந்தச் சரணத்தைப் பாடிக் காட்டறீங்களா?"

ஒரு தடவைதான் கேட்டாள். மறந்துபோய்த்தான் இருக்க வேண்டும். அசம்ப்டா எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருட்டில்லை, மெழுகுவர்த்தியில்லை. பட்டப்பகல், பிரிட்ஜ் ரீங்கரிக்கும் சமையலறை, தட்டில் கேக் துகள். பாடத் தொடங்கினாள். முதல் வரியில் குரல் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது வரியில் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவது வரி வந்தபோது லோட்டே நாடாவை விட்டுவிட்டு மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள். முப்பத்தாறு வருடமாக மூடிய கதவுக்கும் ஓடும் தண்ணீருக்கும் இந்தப் பக்கமிருந்து கேட்ட குரலைக் கிறிஸ்டி இன்றுதான் நேராகக் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறைக்கவும் இல்லை.

அவள் பாடி முடித்ததும் மரைக்கே வழக்கம்போல உள்ளதைச் சொன்னாள்.

"டிம்ப்னா நல்லாப் பாடுவாங்க. நாளைக்கு அவங்கதான் பாடுவாங்க. ஆனா நீங்க அவங்களைவிட நல்லாப் பாடறீங்க. நிறைய நல்லா."

அசம்ப்டாவின் தொண்டையில் பதில்கள் வரிசைகட்டி நின்றன. சளி பிடிச்சிருக்கு. எயித்னி பாடிக் கேட்டிருந்தா இப்படிச் சொல்லமாட்டே. உன் சமையலறை அப்படி, யார் பாடினாலும் நல்லாருக்கும். எதை எடுக்கப்போகிறாள் என்று கிறிஸ்டி காத்திருந்தான். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள் அசம்ப்டா. "எனக்கு எப்பவுமே தெரியும்."